ஆள் பழக்கிய நாய்

நாய் வளர்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் திருப்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது யாராவது நாயைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். போன மாதம் பேரன் ஒரு குட்டி வேண்டுமென்று அடம்பிடித்தபோதும் அப்படித்தான் போனேன். தாத்தாவுக்கு நாயென்றால் பயம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பயமெல்லாம் இல்லை. வெட்கம். ஐம்பது வருஷமாகியும் ஆறாத வெட்கம். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். படித்துவிட்டுக் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் சொந்தமாக பனியன் கம்பெனி போட்டேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை, அதில் நாலு நிட்டிங் மிஷின், மூன்று தையல் மிஷின், பதினோரு ஆட்கள். கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். இருபத்தெட்டு வயதில் நாலு பேர் 'மொதலாளி' என்று கூப்பிட்டால் தலை எங்கே நிற்கும்? என் தலை கழுத்தில் நிற்கவில்லை. சட்டைப் பையில் பேனா இல்லாமல் டீக்கடைக்குக்கூடப் போகமாட்டேன்.

இரண்டு தடவை பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்து யாரோ நூல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காவலுக்கு நாய் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். அப்போது கம்பெனிகளில் காவல் நாய் வளர்க்க ஒரே ஒரு முறைதான் இருந்தது. குட்டியைக் கொண்டுவந்து ஒரு மரப்பெட்டிக்குள் போட்டுப் பகலெல்லாம் மூடி வைப்பார்கள். மனிதர் முகமும் பார்க்கக்கூடாது, இன்னொரு நாயையும் பார்க்கக்கூடாது. அப்படி வளர்ந்தால்தான் வெறி ஏறுமாம். ஏறத்தான் செய்தது. ஆனால் அந்த நாய்களுக்குத் திருடனும் ஒன்று, தையல்காரரும் ஒன்று. பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கப் போன ஆளையே ஒரு நாய் குதறி வைத்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. நம் ஆட்கள் பதினோரு பேரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், மற்ற யார் வந்தாலும் விடக்கூடாது. அப்படியொரு நாய் வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பில் ஒரு குறையும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். நாயை மனிதரோடு பழக்க வேண்டுமென்றால் மனிதரோடுதான் விட வேண்டும். அது எந்த மடையனுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் மூளைக்காரன்.

ஆற்றோரத்துச் சலவைப் பட்டறை ஒன்றில் குட்டி போட்டிருந்தது. நாற்பது நாள் குட்டியாக, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு கருங்குட்டியைத் தூக்கி வந்தேன். நூல் வந்த மரப்பெட்டியில் அதற்கு இடம் போட்டு மூடி வைத்தேன். அப்புறம்தான் என் மூளையைக் காட்டினேன். எங்கள் வேலையில் சாயங்காலமானால் ஒவ்வொருவரும் ஒரு துண்டு வேஸ்ட் துணியை எடுத்து மிஷினைத் துடைத்து, கையைத் துடைத்து, கழுத்து வேர்வையையும் துடைத்து மூலையில் வீசிவிட்டுப் போவார்கள். அந்தத் துணிகளை ஆளுக்கு ஒன்றாகப் பொறுக்கிக் குட்டியின் பெட்டியில் விரித்தேன். அதன் மேல்தான் அது படுக்கும். அதன் மேல் தட்டை வைத்துத்தான் சோறு போடுவேன். அந்த வாசமும் சோறும் ஒன்றாக மனசில் பதிந்துவிட்டால் ஆளை நேரில் காட்டாமலே பழக்கிவிடலாம் என்பது என் கணக்கு. வேலை நேரத்தில் யாரும் நாயைக் கொஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை பாருங்கள். முதலாளி புத்தி அது.

மூன்று மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்து சங்கிலியோடு கொட்டகைக்குள் நடத்திக்கொண்டு போனேன். ஒவ்வொருவர் காலையும் முகர்ந்து பார்த்து வாலை ஆட்டியது. ஒருவரைப் பார்த்துக்கூட உறுமவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வளையல்காரர் வந்து நின்றார். பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் நாலு கம்பெனி முதலாளிகளுக்கு இதை விளக்கினேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

என் ஆட்களில் ஒரே ஒருவர்தான் இதை மெச்சவில்லை. தைத்து வரும் பனியன்களில் நூல் பிசிர் வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற ஓர் அக்கா. அருள்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பது வயதிருக்கும், என்னைவிட மூத்தவர். மத்தியானம் தன் தூக்குப்போசியிலிருந்து ஒரு கை கம்பஞ்சோறு எடுத்து மோர் ஊற்றிப் பிசைந்து நாய்க்கு வைப்பார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். ஒருநாள் சங்கிலியைக் கையில் பிடித்துச் சந்து முனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே டீக்கடைப் பக்கம் எப்போதும் நாலைந்து தெருநாய்கள் கிடக்கும். நம்முடையது அவற்றைப் பார்த்ததும் அக்கா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முனகியதாம். அடுத்த நாளும் கூட்டிப் போனார். மூன்றாம் நாள் ஒரு கிழட்டு நாயோடு மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்ததாம். அதை அவர் சிரித்துச் சிரித்து மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பின்னால் நின்றிருந்தேன்.

"ஏனுங்க்கா, காவலுக்கு வெச்ச நாயி அது. தெருநாயோட சேத்துனா நாளைக்கு ஊருல வர்றவனுக்கெல்லாம் வாலாட்டும்" என்று கத்தினேன்.

"அப்பிடி இல்லீங்க மொதலாளி. நாலு நாயோடவும் நாலு சனத்தோடவும் பழகுனாத்தானுங்க அதுக்கு நல்லது எது, கெட்டது எதுன்னு தெரியும். பொட்டிக்குள்ள கெடந்தா என்னங்க தெரியும்?"

"உங்க வேலைய மட்டும் பாருங்க. நாயப் பழக்கறதுக்கு எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். அக்கா முகம் சுருங்கிப் போனது. "சரிங்க" என்று பனியன் குவியலுக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு சோறு வைப்பதையும் நிறுத்திவிட்டார். தூரத்திலிருந்து 'ச்சு ச்சு' என்று ஒரு சத்தம் மட்டும் கொடுப்பார். அதைக் கேட்டாலே நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குதிக்கும். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு கல்கத்தா வியாபாரியை அழைத்திருந்தேன். சரக்கு எடுக்க ஊருக்கு வந்திருந்தவர். அவர் கண்ணில் பட்டுவிட்டால் கம்பெனி எங்கேயோ போய்விடும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. இரண்டு நாள் முன்பிருந்தே மிஷின்களைக் கழுவி, எண்ணெய் பிசுக்கெல்லாம் எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வாசலில் வாழைக்கன்று, முருகன் படத்துக்குப் பெரிய மாலை, தட்டு நிறையப் பொரிகடலை. ஆட்கள் எல்லோரும் அன்றைக்குத் தலைக்குக் குளித்துக் கோடித் துணி உடுத்திக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வருஷத்தில் ஒருநாள் கொட்டகையில் மிஷின் எண்ணெய் வாசம் இல்லாமல் சாம்பிராணி வாசமாக இருக்கும். ஒவ்வொருவரையும் பார்க்கையில் எனக்கே ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினேன். அந்த இடத்திலாவது புத்தி வந்திருக்க வேண்டாமா?

பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் விருந்தாளியை நாற்காலியில் உட்கார வைத்து என் பெருமையை எடுத்துவிட்டேன். அரைகுறை இந்தியிலும் கைச்சாடையிலும் நாயின் கதையைச் சொன்னேன். அவர் நம்பாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. கட்டியிருந்த நாயை அவிழ்த்து, கழுத்துப் பட்டையில் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து கூட்டத்தையும் மேளத்தையும் பார்த்து அது நடுங்கிக்கொண்டிருந்தது. அது என் கைக்குத் தெரிந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

"அக்கா, இங்க வாங்க. இவருக்குக் காட்டோணும். சித்தே கிட்ட வந்து கைய நீட்டுங்க" என்று அந்த அக்காவைக் கூப்பிட்டேன். வேறு ஆளா இல்லை, இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். நாய்க்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கும் என்பதால் அவரைக் கூப்பிட்டேன்.

அக்கா சீயக்காய் தேய்த்துக் குளித்து, ஈரக் கூந்தலில் கொத்தாக மல்லிகைப்பூ வைத்து, மொடமொடவென்று புதுச்சேலை கட்டியிருந்தார். வெளியூர் ஆள் முன்னால் வெட்கம் வேறு. 'ச்சு ச்சு' என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தாலும் போதும், வாயைத் திறக்கவில்லை. ஒரு கையால் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையை நாயின் தலைக்கு மேலாக நீட்டினார்.

கடித்துவிட்டது. லேசாகப் பல் பட்டது என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன். மணிக்கட்டுக்குக் கீழே சதையைக் கவ்வித் தலையை உதறியது. நான் பட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க இன்னும் கிழிந்தது. புதுச்சேலையெல்லாம் ரத்தம். பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நாய் விட்டதும் தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அக்கா அந்த வலியிலும் என்ன சொன்னார் தெரியுமா?

"அத அடிச்சுப் போடாதீங்க மொதலாளி. அதுக்கு என்னைய அடையாளம் தெரியலீங்க, அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாய் பதினோரு பேரைப் பழகவே இல்லை. மிஷின் எண்ணெயும் பஞ்சும் வேர்வையும் கலந்த ஒரே ஒரு வாசத்தைத்தான் பழகியிருந்தது. அந்த வாசத்தைக் கழுவிவிட்டுப் பூஜை நோம்பிக்கு வந்து நின்றவர் அதற்கு யாரோ ஓர் அன்னியர். அதைப் பழக்கிய விதம் அப்படி. ஆனால் அந்த நிமிஷத்தில் நான் அதையா நினைத்தேன்? விருந்தாளி நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். மானம் போச்சே என்றுதான் நினைத்தேன்.

காயத்தில் சுண்ணாம்பைத் தடவி, தையல்காரர் ஒருவர் அக்காவைக் குதிரை வண்டியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். விருந்தாளி பொரிகடலைத் தட்டைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் பின்பக்கம் வந்தேன். மூலனூரிலிருந்து சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்றி வரும் லாரி ஒன்று எங்கள் கொட்டகைக்குப் பின்னால்தான் நிற்கும். டிரைவர் கிளம்பத் தயாராக இருந்தார்.

"இந்தச் சனியன எங்காச்சும் தூரமாக் கொண்டு போயி விட்டுருங்க" என்றேன்.

"அடிச்சுப் போட்டற்லாமுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாம், வேண்டாம். மூலனூருல எறக்கி உட்டுருங்க. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

நானே தூக்கினேன். நான் கூப்பிட்டதும் மிஷினுக்கு அடியிலிருந்து வந்துவிட்டது. என் கையை நக்கியது. வெறுங்கூடைகளுக்கு நடுவில் அதைக் கட்டிப் போட்டு லாரி போனது. கொல்லாமல் விட்டோம் என்று எனக்குள் ஒரு நல்ல எண்ணம் வேறு. சமையலறை வாசலில் நின்று என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தையல்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "நாயக் கட்டி வெச்சுப் பத்து நாள் பாக்கச் சொல்லறாங்க டாக்டர். நாய் நல்லா இருந்துச்சுன்னா ஊசியே வேண்டாமாம். நாய் கெடைக்கலீன்னா தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடோணுமாம். எங்கீங்க நாய்?"

அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க நாலைந்து பேர் கொட்டகைக்குத் திரும்பி வந்திருந்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். லாரி அப்போது தாராபுரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. ஒரு டாக்சி பிடித்தால் எட்டிவிடலாம். அந்த ஒரு நிமிஷத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் இதை இன்றைக்கு எழுத வேண்டிய அவசியமே இல்லை.

"அது பட்டைய உருவிக்கிட்டு ஓடிப்போச்சுப்பா" என்றேன்.

சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டார். ஆற்றுப் பக்கம் என்றேன். உடனே நாலு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நோம்பிக்குப் போட்ட வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நொய்யல் கரையெல்லாம் தேடினார்கள். நான் என்ன செய்தேன்? நானும் கூடப் போனேன். சாயப்பட்டறைச் சந்துகளில் நின்று அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். சலவைப் பட்டறைக்காரரிடம் "நம்ம நாயி இந்தப் பக்கம் வந்துச்சுங்களா?" என்று கேட்டேன். நாடகக்காரன் கெட்டான். அடுத்த மூன்று நாளும் வேலை முடிந்ததும் என் ஆட்கள் தேடப் போனார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த காலோடு, நான் சொன்ன பொய்யைத் தேடிக்கொண்டு போனார்கள்.

அக்காவுக்கு ஊசி தொடங்கிவிட்டது. காலையில் அருள்புரத்தில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு நேராக வேலைக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் ஊசிக்கு மட்டும் வந்து போனார். லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்தால் வலிதான் தெரியும் என்றார். அவருடைய வேலை தரையில் உட்கார்ந்து குனிந்து செய்கிற வேலை. நாலாவது நாளிலிருந்து அவரால் குனிய முடியவில்லை. வயிறு பந்து பந்தாக வீங்கியிருந்ததாம். பாவாடை நாடாவைக்கூட இறுக்கிக் கட்ட முடியவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கட்டுப்போட்ட கையால் பனியனைப் பிடித்து, மறுகையால் பிசிர் வெட்டி, நின்றுகொண்டே வேலை செய்தார்.

பார்க்க முடியாமல் ஒரு மேஜையும் உயர ஸ்டூலும் வாங்கிப் போட்டேன். பெரிய தர்மப்பிரபு! "நம்ம மொதலாளி மாதிரி ஆரு பண்ணுவாங்க? கடிச்சது நாயி, அதுக்கு இவரு என்ன பண்ணுவாரு?" என்று அக்கம்பக்கத்துக் கம்பெனி வரைக்கும் பேச்சு. அந்த மெச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனாலும் 'அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார். "நாய் வந்துச்சுங்களா?" தன் ஊசிக்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கூடவே, "சோறு தண்ணி கெடைச்சுதோ என்னமோ, தெருவுல பொழைக்கத் தெரியாதுங்களே அதுக்கு" என்றார்.

என் மனைவி ஒன்பது நாள் வாயே திறக்கவில்லை. சோறு போடும்போது தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரியும். பத்தாம் நாள் காலையில் சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லீங்களா? ஒரு பொம்பள தெனமும் வவுத்தப் புடிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்குது. உங்களுக்குச் சோறு எறங்குது?"

"பத்து நாள் முடியப்போகுது. இனி என்ன பண்ணச் சொல்றே?"

"இன்னும் நாலு ஊசி மிச்சம் இருக்குதுல்ல? நாயி இன்னைக்கு உசுரோட இருந்துச்சுன்னா அந்த நாலையாச்சும் நிறுத்தலாம்னு அந்தக்காவே சொல்லுச்சு. போயிப் பாருங்க. இல்லீன்னா நானே போயி அந்தக்காகிட்டச் சொல்லீர்றேன்."

அன்றைக்கே தாராபுரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து மூலனூரில் இறங்கினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. நாய் செத்துப் போயிருந்தால் என்ன சொல்வது, வெறி பிடித்திருந்தால் என்ன செய்வது என்றெல்லாம். எங்கோ ஒரு மூலையில், அது கிடைக்காமலே போனால் தேவலை என்றும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. காய் மண்டி ஒன்றின் வாசலிலேயே நின்றது. நெற்றியில் அந்த வெள்ளைப் பொட்டு. கழுத்தில் நான் வாங்கிப் போட்ட பட்டை. முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் இன்னும் மூன்று நாய்களோடு ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தது. கூடை தூக்குகிறவர், எடை போடுகிறவர், சந்தைக்கு வந்த பெண்கள் என்று அத்தனை சனமும் அதன் மேல் இடித்துக்கொண்டு போகிறது. அது ஒருவரைப் பார்த்தும் உறுமவில்லை. மண்டிக்காரரிடம் யாருடைய நாய் என்று தெரியாதவன் போல விசாரித்தேன்.

"ஆரோ லாரில கொண்டாந்து உட்டுட்டுப் போய்ட்டாங்க. மொத ரெண்டு நாளு மூட்டைச் சந்துல படுத்துக்கிட்டு நடுங்குச்சு. பொறவு இதுகளோட சேந்துக்குச்சு. தங்கமான நாயிங்க" என்றார்.

பத்து நாளில் ஒரு சந்தை அதைப் பழக்கிவிட்டது. நான் மாதக்கணக்கில் மூடியும் கட்டியும் வைத்துச் செய்ததை யாரும் மெனக்கெடாமலே அழித்துவிட்டார்கள். அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்தது. காலைச் சுற்றிச் சுற்றி வந்து குழைந்தது. கடித்துப் பத்து நாள் ஆகியும் துள்ளிக்கொண்டிருக்கிற நாய். இதைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினால் போதும். அக்காவுக்கு அடுத்த நாளிலிருந்து ஊசி கிடையாது. பையில் சங்கிலிகூட எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

அங்கே ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக்கூடாது. ஆற்றுப் பக்கம் ஓடிய நாய் மூலனூருக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். லாரி டிரைவரைக் கேட்பார்கள். கரையெல்லாம் தேடி அலைந்த ஆட்கள் என்ன நினைப்பார்கள்? 'தெரிஞ்சே பத்து ஊசி போட வெச்சானா?' என்று அக்காவின் வீட்டுக்காரர் வந்து சட்டையைப் பிடித்தால்? அப்புறம் எவன் என்னை முதலாளி என்பான்? பத்து போட்டாச்சு, இன்னும் நாலுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலுதானே! ஊசி என் வயிற்றிலா இறங்கப்போகிறது?

கடையில் ஒரு பன் வாங்கினேன். பிய்த்துத் தூரமாக வீசினேன். நாய் அதை எடுக்கப் போன சமயத்தில் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ் திரும்பும்போது பார்த்தேன். கொஞ்ச தூரம் பின்னால் ஓடி வந்தது. அப்புறம் மற்ற நாய்கள் இருந்த பக்கம் திரும்பிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "எங்கயுமே இல்ல" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பினாளா இல்லையா என்று அவள் சாகும்வரை எனக்குத் தெரியாது. அக்காவிடம் போய்ச் சொல்வேன் என்றவள், சொல்லவில்லை. புருஷன் மானத்தைக் காப்பாற்றினாள் போலிருக்கிறது. அதற்கு அவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. ஒவ்வொரு நாளும் காலையில் ஆஸ்பத்திரி திறக்கிற நேரத்துக்கு நான் கொட்டகையில் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் உட்கார்ந்திருப்பேன். பதின்மூன்றாவது நாள் அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கி வெளியே போய் வாந்தி எடுத்தார். நான் சோடா வாங்கிவரச் சொன்னேன்.

ஊசி முடிந்த மறுநாள் அக்கா நேரத்தோடு வந்துவிட்டார். வேறு யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. கையில் கட்டு இல்லை. தழும்பு சிவப்பாக இருந்தது. முருகன் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லா ஊசியும் முடிஞ்சுதுங்க மொதலாளி. மேசையெல்லாம் போட்டுக் குடுத்தீங்க. உங்களுக்குப் பெரிய மனசுங்க."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆளும் இல்லை, பேரும் இல்லை; அவரும் நானும் மட்டும்தான். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அவரே மேலே பேசினார். "நாயி செத்துத்தானுங்க போயிருக்கும். நெனச்சாத்தான் மனசுக்குச் சங்கட்டமா இருக்குது. நீங்க கூப்புட்டீங்கன்னாலும், தலைக்குக் குளிச்சுப் பூ வெச்சுட்டு வந்தவளை அதுக்கு அடையாளம் தெரியாதுன்னு எனக்குத் தோணியிருக்கோணும். நாந்தானுங்க கையை நீட்டியிருக்கக் கூடாது. என் தப்புதானுங்க."

"ஆமாங்க்கா" என்றேன். "சித்தே பாத்திருக்கோணும்."